கைக்குள் அடங்கிய விளையாட்டு: கேம் பாய் உருவான வரலாறு

கையடக்க மின்னணு விளையாட்டுக் கருவிகள் சந்தைக்கு வந்த காலத்தில் அவற்றைப் பற்றி எழுதிய விமர்சகர்களில் பெரும்பாலோர், அவற்றைத் தொலைக்காட்சியோடு இணைத்து ஆடப்படும் பெரிய கருவிகளின் குறுகிய வடிவங்களாகவே கருதினர். ஆகவே திரையின் தெளிவு, நிறங்களின் எண்ணிக்கை, சில்லின் வேகம் ஆகியவற்றைக் கொண்டே அவற்றை எடைபோட்டனர். ஆனால் இக்கருவிகள் வேரூன்றிய ஜப்பானின் கியோட்டோ நகரிலிருந்து அவற்றின் வரலாற்றைப் பின்தொடர்ந்தால், மக்களின் தீர்ப்பு வேறு அளவுகோல்களால் வழங்கப்பட்டது தெரியவரும். விலை, பேட்டரி தாங்கும் நேரம், கீழே விழுந்தாலும் உடையாத உறுதி என்னும் மூன்றுமே அந்த அளவுகோல்கள். இவற்றைத் தொடக்கத்திலேயே உணர்ந்து அவற்றுக்கு இசைய வடிவமைத்தவர் குன்பெய் யோகோய் என்னும் பொறியாளர்.

1889-இல் ஃபுசாஜிரோ யமாவுச்சி கியோட்டோவில் தொடங்கிய நின்டெண்டோ நிறுவனம், 'ஹனஃபுடா' எனப்படும் மலர் ஓவியச் சீட்டுகளைத் தயாரிக்கும் பட்டறையாகவே பல பத்தாண்டுகள் இயங்கியது. 1965-இல், தோஷிஷா பல்கலைக்கழகத்தில் மின்னணுவியல் பயின்ற யோகோய் அங்கு வேலைக்குச் சேர்ந்தபோது, சீட்டு தயாரிக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்த்துப் பராமரிப்பதே அவருக்கு ஒதுக்கப்பட்ட பணி. ஓய்வு நேரத்தில் அவர் செய்து வைத்திருந்த, கத்தரிபோல மடிந்து நீளும் பொம்மைக் கையை நிறுவனத் தலைவர் ஹிரோஷி யமாவுச்சி கண்டு, அதையே விற்பனைப் பொருளாக்கும்படி கூறினார். 1966-இல் 'அல்ட்ரா ஹேண்ட்' என்ற பெயரில் வெளிவந்த அப்பொம்மை பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. அதன்பின் யோகோய் பராமரிப்புப் பணியிலிருந்து பொம்மைகளை வடிவமைக்கும் பணிக்கு மாறினார்.

அவர் பணியாற்றிய அதே காலத்தில், பக்கத்து நகரமான ஒசாகாவிலும் தலைநகர் டோக்கியோவிலும் வேறொரு தொழிலில் கடும் போட்டி நிலவியது. ஷார்ப், கேசியோ ஆகிய நிறுவனங்கள் சட்டைப்பைக் கால்குலேட்டர்களை ஒன்றையொன்று முந்திக்கொண்டு மலிவாக்கியதால், 1972-இல் 12,800 யென்னுக்கு 'கேசியோ மினி' வந்தபோதே வியப்புக்குரியதாக இருந்த விலை, அடுத்த சில ஆண்டுகளில் மேலும் பன்மடங்கு சரிந்தது. இப்போட்டியின் விளைவாக எல்.சி.டி. எனப்படும் திரவப் படிகத் திரைகளும், அவற்றை இயக்கும் சிறு சில்லுகளும், மாத்திரை வடிவப் பேட்டரிகளும் பெருமளவில், குறைந்த செலவில், நம்பத்தக்க தரத்தில் கிடைக்கலாயின. கால்குலேட்டர் தொழிலில் இனி பெரிய இலாபம் இல்லை என்னும் நிலை வந்தபோது, அத்தொழிலின் உறுப்புகளுக்கு வேறு பயன் காண வேண்டிய தேவையும் எழுந்தது.

அந்தப் பயனை யோகோய் கண்ட விதம் பலமுறை எழுதப்பட்டுள்ளது. 'ஷின்கான்சென்' அதிவேக ரயிலில், அலுவலகம் முடிந்து திரும்பும் ஒருவர் பொழுது போகாமல் கால்குலேட்டர் பொத்தான்களை அழுத்திக்கொண்டிருந்ததை அவர் கவனித்தார். வளர்ந்தவர்கள் பிறர் பார்வையில் படாமல் மடியில் வைத்து ஆடத்தக்க சிறு கருவி ஒன்று அவ்வேளையில் அவர் மனத்தில் உருவானது. அக்கருவி கிடைமட்டமாக, இரு கட்டைவிரல்களால் மட்டும் இயக்கத்தக்கதாக அமைந்ததற்கு இந்த மறைவுத் தேவையே காரணம். இன்றைய கையடக்கக் கருவிகளிலும் தொடரும் அந்தப் பிடிமுறை, குழந்தைகளின் கை அளவிலிருந்து பிறக்காமல், அலுவலக ஊழியரின் கூச்சத்திலிருந்து பிறந்தது என்பது இவ்வரலாற்றில் நினைவில் கொள்ளத்தக்க செய்தி.

1980 ஏப்ரலில் வெளிவந்த 'கேம் அண்ட் வாட்ச்' வரிசையின் முதல் கருவியான 'பால்' என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயனுடையது. அதன் திரையில் புள்ளிகள் இல்லை. பந்து எறிபவனின் உடலும், அவன் கைகள் நிற்கக்கூடிய ஒவ்வொரு நிலையும், பந்து காற்றில் வளைந்து செல்லும் பாதையின் ஒவ்வோர் இடமும் தனித்தனி வடிவங்களாகக் கண்ணாடியிலேயே முன்கூட்டிப் பதிக்கப்பட்டிருந்தன. கால்குலேட்டரில் எட்டு என்னும் எண்ணின் ஏழு கோடுகள் எவ்வாறு தேவைக்கேற்பக் கறுக்கின்றனவோ, அவ்வாறே இங்குப் பந்தின் ஓரிடம் கறுத்து மறைய அடுத்த இடம் கறுக்கிறது. திரையைச் சாய்த்து ஒளியில் பார்த்தால், கறுக்காமல் காத்திருக்கும் எல்லாப் பந்துகளும் எல்லாக் கைகளும் மங்கலாக ஒருங்கே தென்படும். ஓவியமும் விளையாட்டும் ஒன்றாகவே கண்ணாடியில் வார்க்கப்பட்டதால், ஒரு கருவியில் ஒரே விளையாட்டைத்தான் ஆட முடியும். ஆடாத வேளையில் அதே திரை மணி காட்டியது. பொம்மைக்குக் கடிகாரத்தின் பயனும் சேர்ந்ததால், வளர்ந்தவர் ஒருவர் அதை வாங்குவதற்குத் தகுந்த காரணமும் கிடைத்தது.

எதிர்பார்ப்புக்கு மாறாக அதை அதிகம் வாங்கியவர்கள் சிறுவர்களே. 1991 வரை நீண்ட இவ்வரிசையின் கருவிகள் உலகெங்கும் 4.3 கோடிக்கு மேல் விற்றன. அவற்றில் பெரும்பகுதி ஜப்பானுக்கு வெளியே விற்றவை. 1982-இல் வந்த இரட்டைத் திரைக் கருவியான 'டாங்கி காங்'-இல், நான்கு திசைகளுக்குமான பொத்தான்களைச் சிலுவை வடிவில் ஒரே தகடாக இணைக்கும் முறையை யோகோய் புகுத்தினார். நீட்டிக்கொண்டிருக்கும் கைப்பிடி மடிப்புக் கருவிக்குள் அடங்காது என்னும் எளிய நெருக்கடிக்கு விடையாக வந்த அத்தகடு, மறு ஆண்டே வீட்டுத் தொலைக்காட்சிக் கருவியான 'ஃபேமிகாம்'-க்கும் சென்று, பின்னர் அத்துறை முழுவதற்கும் பொது உறுப்பாயிற்று. சோவியத் ஒன்றியத்திலும் 'எலெக்ட்ரோனிகா' என்ற பெயரில் இவ்வரிசையின் நகல்கள் தயாரிக்கப்பட்டன. கோழி முட்டைகளை ஓநாய் கூடையில் பிடிக்கும் 'நு, பகாதி' என்னும் கருவியில் 1,000 புள்ளிகள் எடுத்தால் கார்ட்டூன் படம் ஓடும் என்ற நம்பிக்கை அந்நாட்டுச் சிறுவர்களிடையே பரவியிருந்தது. பதித்த வடிவங்களுக்கு மேல் எதையும் காட்ட இயலாத திரையில் அது நிகழ வாய்ப்பே இல்லை. எனினும் அத்தகைய நம்பிக்கையைத் தூண்டும் வலிமை அவ்வளவு எளிய கருவிக்கு இருந்தது என்பதே வரலாற்றாசிரியர் குறித்துக்கொள்ள வேண்டியது.

யோகோய் தம் வடிவமைப்பு நெறியை ஒரு தொடராகச் சுருக்கிக் கூறுவது வழக்கம். புத்தம் புதிய நுட்பத்தை நாடாமல், பலர் கையாண்டு முதிர்ந்து, குறைகள் நீங்கி, விலையும் இறங்கிவிட்ட நுட்பத்தை எடுத்து, அதுவரை யாரும் எண்ணாத திசையில் பயன்படுத்துவதே அந்நெறி. சிக்கனத்துக்கான சாக்காக மட்டும் இதைக் கொள்வது தவறு. முதிர்ந்த நுட்பம் குறைந்த மின்சாரம் உண்ணும், அரிதாகவே பழுதாகும், எண்ணிக்கை எவ்வளவு தேவைப்பட்டாலும் கிடைக்கும். பையில் கிடந்து அடிபடும் ஒரு பொருளுக்கு இம்மூன்றையும்விட முக்கியமான தகுதி வேறில்லை.

விளையாட்டை மாற்றிக்கொள்ளும் வசதி, அதாவது கார்ட்ரிட்ஜ் எனப்படும் செருகு பேழைகளைத் தனியே வாங்கிப் பொருத்தும் முறை, கையடக்கக் கருவியில் அமெரிக்காவின் மில்டன் பிராட்லி நிறுவனம் 1979-இல் வெளியிட்ட 'மைக்ரோவிஷன்' வழியாகவே முதலில் வந்தது. ஆனால் அதன் திரையில் பக்கத்துக்குப் பதினாறு புள்ளிகளே இருந்தன, அது நிலைக்கவில்லை. பத்தாண்டுகள் கழித்து, 1989 ஏப்ரல் 21 அன்று, நின்டெண்டோ 12,500 யென் விலையில் 'கேம் பாய்' கருவியை வெளியிட்டது. 160-க்கு 144 புள்ளிகள் கொண்ட அதன் திரை, ஆலிவ் பச்சைப் பின்னணியில் நான்கு சாயைகளை மட்டுமே காட்டியது, பின்னொளி கிடையாது, வேகமாக நகரும் உருவத்தின் பின்னால் மங்கிய நிழல் இழுபட்டது. வடிவமைப்பின்போது யோகோயோடு பணியாற்றிய சதோரு ஒகாடா இன்னும் திறன் மிக்க கருவியே வேண்டுமென வாதாடினார் என்பதும், புள்ளித் திரையும் செருகு பேழையும் நீண்டகாலம் நிலைக்கும் கருவியாக அதை ஆக்கியதில் அவர் பங்கு பெரிது என்பதும் பலரும் மறந்துவிடும் செய்திகள். நெறியை வகுத்தவர் யோகோய். அதன் எல்லையை எவ்வளவு தூரம் நீட்டலாம் என்று விடாது கேட்டவர் ஒகாடா.

அமெரிக்காவில் அதே ஆண்டின் நடுவில் ஏறத்தாழ 90 டாலருக்குக் கேம் பாய் விற்பனைக்கு வந்தது. சில வாரங்களில் அடாரி நிறுவனத்தின் 'லின்க்ஸ்' ஏறத்தாழ 180 டாலருக்கும், 1990-இல் ஜப்பானிலும் மறு ஆண்டு அமெரிக்காவிலும் செகாவின் 'கேம் கியர்' ஏறத்தாழ 150 டாலருக்கும் வந்தன. இரண்டும் வண்ணத் திரையும் பின்னொளியும் உடையவை. அருகருகே வைத்துப் பார்த்த எவருக்கும் கேம் பாய் பழைய பொருளாகவே தோன்றியிருக்கும். செகா அதன் நிறமற்ற திரையைக் கேலி செய்து விளம்பரங்களே வெளியிட்டது. எனினும் லின்க்ஸும் கேம் கியரும் ஆறு பென்சில் பேட்டரிகளைச் சில மணி நேரத்தில் தீர்த்துவிட, கேம் பாய் நான்கே பேட்டரிகளில் பத்து மணி நேரத்தை எளிதில் கடந்தது. பேட்டரி வாங்கும் செலவு மாதந்தோறும் வீட்டுக் கணக்கில் ஏறும் ஒன்று. விமர்சகர் ஒருவர் கருவியைச் சில நாள் வைத்திருந்து எழுதும் மதிப்புரையில் அச்செலவு தெரிவதில்லை. குழந்தைக்கு வாங்கிக் கொடுத்த பெற்றோருக்கு அது மூன்றாம் வாரத்திலேயே தெரிந்துவிடும். அக்காலக் கருத்துகளுக்கும் விற்பனைக்கும் இடையே விழுந்த இடைவெளியை இதைவிடத் தெளிவாக வேறெதுவும் விளக்கவில்லை.

கருவியோடு இணைத்து விற்கப்பட்ட விளையாட்டும் அதே அளவு முக்கியமானது. மாஸ்கோவில் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் பணியாற்றிய அலெக்சி பஜித்னோவ் 1984-இல் உருவாக்கிய 'டெட்ரிஸ்' விளையாட்டின் கையடக்க உரிமையைப் பெற, ஜப்பானில் பதிப்புத் தொழில் நடத்திய ஹென்க் ரோஜர்ஸ் 1989-இன் தொடக்கத்தில் மாஸ்கோ சென்று, மென்பொருள் ஏற்றுமதிக்குப் பொறுப்பான 'எலோர்க்' என்னும் அரசு அமைப்போடு பேசி உடன்பாடு கண்டார். மரியோ விளையாட்டைச் சேர்த்தால் சிறுவர்கள் மட்டும் வாங்குவர், டெட்ரிஸைச் சேர்த்தால் எல்லோரும் வாங்குவர் என்பது நின்டெண்டோவின் அமெரிக்கக் கிளைத் தலைவர் மினோரு அரகாவாவிடம் அவர் வைத்த வாதம். நிறமில்லாத, நிழல் இழுபடும் திரைக்கு டெட்ரிஸ் மிகவும் பொருந்தியது. குவிந்து கிடக்கும் கட்டங்கள் அசைவதில்லை, அசையும் ஒரே துண்டும் படிப்படியாகவே இறங்குகிறது, ஆகவே திரையின் குறை ஆட்டத்தின் போக்கில் கண்ணில் படுவதே இல்லை. ரயிலில் கால்குலேட்டரோடு விளையாடிய அலுவலகப் பயணியை மனத்தில் கொண்டு தொடங்கிய எண்ணம், ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் இங்கேதான் நிறைவேறியது.

கருவியின் உறுதிக்கும் சான்றுகள் உண்டு. வளைகுடாப் போரில் குண்டுவீச்சில் சிக்கி, மேலுறை உருகிக் கருகிய ஒரு கேம் பாய், உள்ளுறுப்புகள் கெடாமல் டெட்ரிஸை ஓட்டியபடி நியூயார்க்கிலுள்ள நின்டெண்டோ விற்பனைக் கூடத்தில் நெடுங்காலம் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது. 1993-இல் ரஷ்ய விண்வெளி வீரர் அலெக்சாந்தர் செரெப்ரோவ் மிர் விண்வெளி நிலையத்துக்குத் தம் கேம் பாயை எடுத்துச் சென்று அங்கே டெட்ரிஸ் ஆடினார். கேம் பாய் பரவலாகச் சென்றடையாத இந்தியாவிலும், தொண்ணூறுகளில் சீனத் தயாரிப்பான 'பிரிக் கேம்' கருவிகள் கடைத்தெருக்களில் மலிவாகக் கிடைத்தன. தமிழ்நாட்டுச் சிறுவர்களில் பலர் டெட்ரிஸை அதன் பெயர் அறியாமலே இவ்வழியில் ஆடிப் பழகினர். அவற்றின் திரையும் கட்டங்கள் முன்பே பதிக்கப்பட்ட எளிய எல்.சி.டி.யே என்பதால், தொழில்நுட்ப மரபில் அவை கேம் பாயைவிடக் கேம் அண்ட் வாட்ச்சுக்கே நெருங்கியவை.

1995 வாக்கில் கேம் பாயின் காலம் முடிந்தது என்பதே துறையினர் பலரின் கருத்தாக இருந்தது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, சிறு வயதில் பூச்சி பிடித்துச் சேர்க்கும் பழக்கம் உடையவராக இருந்த சதோஷி தஜிரி, இரு கருவிகளை இணைக்கும் கம்பிவடத்தைப் பார்த்தபோது அதன் வழியே பூச்சிகள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஊர்ந்து செல்வதாகக் கற்பனை செய்தார்; அதுவரை அக்கம்பிவடம் போட்டி ஆட்டத்துக்கே பயன்பட்டு வந்தது. அக்கற்பனையிலிருந்து பிறந்த அவருடைய 'போக்கெமான்' விளையாட்டு 1996 பிப்ரவரியில் ஜப்பானில் வெளிவந்து, முடிந்ததாகக் கருதப்பட்ட கருவிக்குப் புத்துயிர் ஊட்டியது. ஏற்கெனவே கையிலிருந்த உறுப்புக்கு எதிர்பாராத பயன் காணும் யோகோயின் நெறி, இம்முறை மென்பொருளாசிரியர் ஒருவரால் நிறைவேறியது. கேம் பாயும் அதன் வண்ண வடிவமும் சேர்ந்து இறுதியில் 11.8 கோடிக்கு மேல் விற்றன.

யோகோய் அந்த எழுச்சியின் பயனை நெடுநாள் காணவில்லை. 1995-இல் அவர் வடிவமைத்து வெளிவந்த 'விர்ச்சுவல் பாய்', சிவப்பு ஒளிப்புள்ளிகளால் முப்பரிமாணம் காட்டும் கருவி, சந்தையில் படுதோல்வி கண்டது. முதிராத நுட்பத்தை நம்பி அவரே தம் நெறியை மீறிய ஒரே பெரிய முயற்சி அது எனக் கூறலாம். 1996-இல் நின்டெண்டோவை விட்டு விலகித் தனி நிறுவனம் தொடங்கி, பண்டாய் நிறுவனத்துக்காக 'வொண்டர்ஸ்வான்' என்னும் கையடக்கக் கருவியை வடிவமைத்து வந்த நிலையில், 1997 அக்டோபரில் நெடுஞ்சாலை விபத்து ஒன்றில் தம் 56-ஆம் வயதில் காலமானார். 1999 மார்ச்சில் வெளிவந்த வொண்டர்ஸ்வானின் விலை 4,800 யென். ஒரே ஒரு பென்சில் பேட்டரியில் முப்பது மணி நேரம் இயங்கவல்லது. திரை கறுப்பு வெள்ளை. அவருடைய நெறிக்கு அதைவிடத் தூய எடுத்துக்காட்டு இல்லை. ஆனால் அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே, 1998 அக்டோபரில், நின்டெண்டோ 'கேம் பாய் கலர்' கருவியை 8,900 யென்னுக்கு வெளியிட்டிருந்தது. லின்க்ஸும் கேம் கியரும் பின்னொளி வழியே காட்டிய வண்ணத்தை அது வெளி ஒளியைத் திருப்பியனுப்பும் திரையில் காட்டியதால், இரண்டே பேட்டரிகள் பத்து மணி நேரத்துக்கும் மேல் போதுமானவையாக இருந்தன. வண்ணத் திரையும் அதற்குள் விலை இறங்கி, குறை நீங்கி, முதிர்ந்த நுட்பமாகிவிட்டது. யோகோய் விட்டுச் சென்ற நிறுவனம் அவர் கற்பித்த பொறுமையோடே அதற்காக ஒன்பது ஆண்டுகள் காத்திருந்து, அவருடைய கடைசிக் கருவியை ஜப்பானிய சந்தையிலேயே பின்தள்ளியது.