நோன்பு, ஒருசந்தி, உபவாசம்: மூன்று சொற்களும் ஒரு வரலாறும்

திருவனந்தபுரத்தில் ஒவ்வோராண்டும் தவக்காலம் இருமுறை தொடங்குகிறது. பட்டத்திலுள்ள சீரோ மலங்கரை பேராலயத்தில் திங்கட்கிழமை தொடங்கும் நோன்பு, அங்கிருந்து சிறிது தொலைவிலுள்ள பாளையம் லத்தீன் பேராலயத்தில் புதன்கிழமை நெற்றியில் சாம்பல் பூசித் தொடங்கும். ஒரே உயிர்த்தெழுதல் ஞாயிறை நோக்கிச் செல்லும் இவ்விரு பாதைகளுக்கிடையே உள்ள இரண்டு நாள் இடைவெளி, பல நூற்றாண்டு வரலாற்றின் எச்சம். இன்னும் தெற்கே சென்று தமிழ் பேசும் கிறித்தவர்களிடம் கேட்டால், பெயரும் மாறும். கத்தோலிக்கர் ‘ஒருசந்தி’ என்பர். சீர்திருத்தச் சபையார் ‘உபவாசம்’ என்பர். மலையாளத்தின் ‘நோம்பு’க்கு இணையான ‘நோன்பு’ என்ற சொல்லும் வழக்கில் உண்டு.

தென்னிந்தியக் கிறித்தவரின் நோன்பைப் பற்றி இரண்டு எளிய விளக்கங்கள் அடிக்கடி முன்வைக்கப்படுகின்றன. ஐரோப்பியர் கொண்டுவந்த வழக்கம் அது என்பது ஒன்று. உள்ளூர் விரதங்களைப் பார்த்துச் செய்துகொண்ட போலி என்பது மற்றொன்று. இவ்விரண்டுமே சான்றுகளுக்கு முன் நிற்கவில்லை என்பதே இக்குறிப்பின் வாதம்.

முதலில் ஐரோப்பிய இறக்குமதி என்ற கருத்து. 1599ஆம் ஆண்டு ஜூன் மாதம் கோவாப் பேராயர் அலெய்ஷோ டி மெனெசிஸ் உதயம்பேரூரில் கூட்டிய சூனகதோசு, மலபார்க் கிறித்தவரின் வழக்கங்களை லத்தீன் அளவுகோலால் அளந்து திருத்த முற்பட்டது. பல வழக்கங்களைக் கண்டித்த அச்சபை, தவக்கால நோன்பின் கடுமையைப் பாராட்டியது. இறைச்சி மட்டுமன்றி மீன், முட்டை, பால் ஆகியவற்றையும் இவர்கள் விலக்கி வந்தனர். அன்றைய லத்தீன் கிறித்தவர் மீன் உண்டு நோன்பிருந்தவர்கள் என்பதை நினைவிற்கொண்டால், திருத்த வந்தவர்களைவிடத் திருத்தப்பட்டவர்களின் நோன்பே கடுமையானது என்பது விளங்கும்.

இந்நோன்பின் வேர் சிரியக் கிறித்தவத்தில் உள்ளது. யோனாவின் சொல்லைக் கேட்டு நினிவே நகரத்தார் நோற்றதை நினைவுகூரும் மூன்று நோன்பு, கீழைச் சிரிய வழிபாட்டுடன் கடல் கடந்து மலபாருக்கு வந்தது. குறவிலங்காட்டில் அந்நாட்களில் நடைபெறும் கப்பலோட்டம் அதன் கண்கூடான வடிவம். கிறிஸ்து பிறப்புக்கு முன் இருபத்தைந்து நோன்பு, உயிர்த்தெழுதலுக்கு முன் ஐம்பது நோன்பு, செப்டம்பர் முதல் நாளிலிருந்து எட்டாம் நாள் வரை எட்டு நோன்பு என்று நாட்களின் எண்ணிக்கையே பெயராக அமைவது இம்மரபின் தனிப்பண்பு.

இனி, உள்ளூர்ப் போலி என்ற கருத்து. சொற்களே இங்கு நமக்கு வழிகாட்டும். ‘நோன்பு’ என்பது ‘நோல்’ என்ற வினையடியிற் பிறந்தது. பொறுத்தல், தாங்குதல் என்பது அதன் பொருள். திருக்குறள் பொறையுடைமை அதிகாரத்தின் இறுதிக் குறளில், உண்ணாமல் நோற்பவரைப் பிறர் கூறும் கடுஞ்சொல்லைப் பொறுப்பவருக்கு அடுத்த இடத்தில் வைக்கிறது. பசியைத் தாங்குவதற்கும் இழிசொல்லைத் தாங்குவதற்கும் அங்கு வினை ஒன்றே. சமணர், வைணவர், இசுலாமியர், கிறித்தவர் ஆகிய அனைவரும் எடுத்தாண்ட சொல் இது. ஒரு சொல்லைப் பொதுவாகக் கொள்வது வேறு, ஒரு சடங்கை நகலெடுப்பது வேறு. மலையாளத்தில் இசுலாமியரின் நோன்பு ‘துற’க்கப்படுகிறது, கிறித்தவரின் நோன்பு ‘வீடு’கிறது. கடன் தீர்தலைக் குறிக்கும் அதே வினைதான் இந்த ‘வீடல்’. பெயர்ச்சொல் ஒன்றாயினும், முடிப்பைக் குறிக்கும் வினைச்சொல்லில் சமூகங்கள் தத்தம் எல்லையைப் பேணின.

‘ஒருசந்தி’ மற்றொரு வகை. நாளுக்கு ஒருவேளை மட்டும் உண்ணுதல் என்பது அதன் பொருள். லத்தீன் திருச்சபையின் சட்டம் நோன்பு நாளில் முழு உணவு ஒன்றையே அனுமதித்தது. அச்சட்டத்தின் உள்ளடக்கத்தைச் சிறிதும் பிசகாமல் எடுத்துரைக்கும் சொல்லாகவே தமிழ்க் கத்தோலிக்கர் இதனைக் கையாண்டனர். இறைச்சி விலக்குவதற்குச் ‘சுத்தபோசனம்’ என்ற தனிச்சொல்லும் வந்தமைந்தது. உணவின் அளவுக்கு ஒரு சொல், உணவின் வகைக்கு ஒரு சொல் என்ற இப்பாகுபாடு திருச்சபைச் சட்டத்தின் பாகுபாடே. 1966இல் ஆறாம் பவுல், திருச்சபை முழுமைக்குமான கட்டாய நோன்பு நாட்களைச் சாம்பல் புதன், பெரிய வெள்ளி என இரண்டாகக் குறைத்தார். அதன்பின் ‘ஒருசந்தி’யின் வழக்கும் சுருங்கியது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் ‘நோன்பு’ என்றே எழுதுகிறது.

‘உபவாசம்’ என்ற வடசொல்லுக்கு அருகில் உறைதல் என்பது சொற்பொருள். வேள்விக்கு முந்தைய நாள் தேவர்கள் வந்து அருகில் தங்குவதாக வேத உரைநூல்கள் அதனை விளக்கும். சீர்திருத்தச் சபையார் இச்சொல்லைத் தேர்ந்துகொண்டதன் விளைவு கவனத்திற்குரியது. நோன்பு உடலுக்கு நல்ல பயிற்சி, ஆனால் மீட்பைப் பெற்றுத்தரும் புண்ணியம் அன்று என்பது லூதரின் நிலைப்பாடு. 1522இல் சூரிக் நகரில் தவக்காலத்தில் இறைச்சி உண்டவர்களுக்காக ஸ்விங்ளி வாதாடினார். இம்மரபில் வந்தவர்களுக்கு நாட்கணக்கும் உணவுக்கணக்கும் தேவைப்படவில்லை. ‘உபவாச ஜெபம்’ என்ற இன்றைய தொடரில் உபவாசம் பெயரடையாக நின்று ஜெபத்தையே தலைச்சொல்லாக்குகிறது. இறைவனுக்கு அருகில் இருத்தல் என்ற பழம்பொருள் தெரிந்தோ தெரியாமலோ அங்கு மீண்டு வருகிறது.

ஆக, ஒன்று தாங்குதலையும், ஒன்று அளவையும், ஒன்று அண்மையையும் முன்னிறுத்துகின்றன. ஆயினும் நோன்பின் வரலாறு சொல்லாராய்ச்சியோடு முடிந்துவிடுவதில்லை. உதயம்பேரூர்க் கானோன்களில் நம்மை நிறுத்தும் மற்றொரு பகுதி உண்டு. காலையில் குளிக்காவிடில் நோன்பு செல்லாது என்றும், தாழ்ந்த சாதியினரைத் தொட்டால் நோன்பு கெடும் என்றும் மலபார்க் கிறித்தவருள் சிலர் கருதியதை அச்சபை மூடநம்பிக்கையெனக் கண்டித்தது. அதே சபை, நாயர்களுடனான உறவையும் வாணிபத்தையும் கருதி, அவர்கள் முன்னிலையில் தீண்டாமையைப் பேண இடமும் கொடுத்தது. எனவே இதனை ஐரோப்பியச் சீர்திருத்தத்தின் வெற்றியாகக் கொண்டாட இயலாது. ஆனால் உண்ணாமையால் தன்னைத் தூய்மையாக்கிக்கொள்வதாகக் கருதிய ஒரு சமூகம், அத்தூய்மையைக் கொண்டே பிற மனிதரை அருகில் வரவிடாது நிறுத்தியது என்ற உண்மை ஆவணத்தில் உறைந்து கிடக்கிறது. உள்ளூர்ச் சூழல் கிறித்தவ நோன்புக்குள் புகுந்த இடம் எது என்று கேட்டால், வெறும் வயிற்றில் அன்று, இத்தீட்டுக் கணக்கில்தான் என்றே சொல்லத் தோன்றுகிறது.

இதற்கு எதிர்முனையிலும் ஒரு மரபு இருந்தது. ஏசாயா நூலின் 58ஆம் அதிகாரம், பசித்தவருடன் உணவைப் பகிராத நோன்பை நோன்பாகவே ஏற்பதில்லை. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த எர்மாவின் ‘மேய்ப்பர்’ என்னும் நூல், நோன்பு நாளில் உண்ணாது விட்ட உணவின் விலையைக் கணக்கிட்டுக் கைம்பெண்ணுக்கோ அநாதைக்கோ கொடுக்கச் சொல்கிறது. கேரளத்தில் குரியாக்கோஸ் ஏலியாஸ் சாவற (1805–1871) ஊக்குவித்த பிடியரிசி வழக்கத்தை இவ்வரிசையில் வைத்துப் பார்க்கலாம். உலையில் இடுமுன் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்து வைத்து, சேர்ந்ததை ஏழைப் பிள்ளைகளின் மதிய உணவுக்குக் கொடுப்பது அதன் முறை. தமிழ்ச் சபைகளிலும் கைப்பிடி அரிசிக் காணிக்கை வழங்கி வந்துள்ளது. இங்கு வீட்டில் குறையும் பிடி மற்றொருவரின் இலையில் கூடுகிறது.

தீட்டுக்கு அஞ்சிக் குளித்த நோன்பும், பிடியரிசி எடுத்து வைத்த நோன்பும் ஒரே மண்ணில் விளைந்தவை. ‘மரபு’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் இரண்டையும் சேர்த்தே காக்க நேரும், அல்லது இரண்டையும் சேர்த்தே தள்ள நேரும். எதனை ஏற்றோம், எதனை விட்டோம் என்று பிரித்தறிவதற்குப் பழைய ஆவணங்களைச் சொல் சொல்லாக வாசிக்க வேண்டியிருக்கிறது. உதயம்பேரூர்க் கானோன்களின் மலையாள வடிவத்தை ஸ்கறியா சக்கரியா பதிப்பித்துத் தந்துள்ளார். மலையாள உரைநடை வரலாற்றுக்கு அது எத்துணை முதன்மையானதோ, தமிழ்க் கிறித்தவக் கலைச்சொற்களை ஒப்பிட்டு ஆராய்வதற்கும் அத்துணை பயனுள்ளது. இளம் ஆய்வாளர்கள் அதனைத் தமிழ்ச் செபநூல்களோடும் ஞானோபதேசங்களோடும் அருகருகே வைத்து வாசிக்க முன்வர வேண்டும். ஒருசந்தி என்ற சொல்லைத் தம் பாட்டியின் வாயிற் கேட்ட தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. அவர்கள் நினைவில் உள்ள வழக்குகளையும் இப்போதே பதிவு செய்தல் நலம்.