குடற்காய்ச்சல் தடுப்பூசி வந்த வழி



பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் நாசி லெமாக் கட்டுபவரும் மீகூன் கிளறுபவரும் டைபாய்டு எனும் குடற்காய்ச்சலுக்குத் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்பது 2009ஆம் ஆண்டின் உணவுத் தூய்மை விதிமுறை. ஈப்போ நகர உணவுக்கடைகளுக்கும் இதே விதிதான். அந்த ஊசியின் வரலாற்றில் தோட்டத் தொழிலாளர்களுக்கும் பங்குண்டு என்பதைப் பலர் அறியார்.

வரலாறு வாந்திபேதியில் தொடங்குகிறது. பாரிசின் பாஸ்டர் ஆய்வகத்தில் பணியாற்றிய வால்டிமார் ஹாஃப்கின், 1892இல் தாம் உருவாக்கிய காலரா தடுப்பூசியை முதலில் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். மறு ஆண்டு இந்தியாவுக்கு வந்தார். 1894இல் கல்கத்தாவின் ஒரு குடிசைப் பகுதியில் ஏறத்தாழ 200 பேரில் 116 பேருக்கு ஊசி போட்டார். அதன்பின் அங்கு நோய் கண்டவர்கள் அனைவரும் ஊசி போடாதவர்களே.

அடுத்து அவர் சென்றது அசாம் தேயிலைத் தோட்டங்களுக்கு. ஒரே லயம், ஒரே தண்ணீர், ஒரே உணவு. ஆகவே ஊசி போட்டவரையும் போடாதவரையும் ஒப்பிடுவது எளிது. ஆய்வுக்கு அது வசதிதான். ஆனால் ஒப்பந்தத்தில் கட்டுண்ட கூலிகளால் "வேண்டாம்" என்று சொல்ல முடிந்திருக்குமா? பேராக் இரப்பர் தோட்டங்களில் அதே போன்ற லயங்களில் வாழ்ந்தவர்களின் வழித்தோன்றல்களாகிய நமக்கு இக்கேள்வி எழுவது இயல்பே.

ஹாஃப்கினின் முறையைக் குடற்காய்ச்சலுக்குப் பயன்படுத்தியவர் ஆங்கில மருத்துவர் ஆல்ம்ராத் ரைட். 1896இல், வெப்பத்தால் கொல்லப்பட்ட கிருமியைக் கொண்டு ஊசி செய்தார். அது நோயைக் குறைத்தது. ஆயினும் ஊசி போட்டவரையே காய்ச்சலும் கைவலியும் படுத்தி எடுத்தன.

1980களில் வேறு வழி பிறந்தது. கிருமியைப் போர்த்தியிருக்கும் 'வி' எனும் சர்க்கரைப் பொருளை மட்டும் பிரித்தெடுத்து ஊசியாக்கினர். தொல்லை குறைந்தது, ஆனால் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் உடல் அச்சர்க்கரையைப் பகையென அறிந்துகொள்ளவில்லை. பெரியவர்களுக்கும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மீண்டும் போடவேண்டும்.

அதற்கு விடை ஐதராபாத்திலிருந்து வந்தது. பாரத் பயோடெக் நிறுவனம் அச்சர்க்கரையை டெட்டனஸ் புரதத்தோடு பிணைத்தது. புரதத்தைக் கண்டு விழித்துக்கொள்ளும் குழந்தையின் உடல், சர்க்கரையையும் சேர்த்தே நினைவில் வைக்கிறது. 2017 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனத்தின் தர ஒப்புதல் கிடைத்தது. ஆறு மாதக் குழந்தைக்கே போடலாம். நேபாளத்திலும் மலாவியிலும் நடந்த ஆய்வுகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு காப்பு தெரிந்தது. மருந்துகளுக்கு அடங்காத டைபாய்டு பரவிய பாகிஸ்தான், 2019இல் முதல் நாடாக இதை வழக்கமான தடுப்பூசிப் பட்டியலில் சேர்த்தது. ரைட்டின் ஊசியிலிருந்து கணக்கிட்டால், கைக்குழந்தைக்கு ஏற்ற காப்பு வர நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

இந்த ஊசி ஏற்கெனவே கிருமியைச் சுமந்து திரிபவரைக் குணப்படுத்தாது. பாராடைபாய்டுக்கும் பயன்படாது. கழிவறை சென்று கை கழுவாமல் உணவைத் தொடுபவரின் சட்டைப்பையில் தடுப்பூசி அட்டை இருந்து என்ன பயன்?

2023 தொடக்கத்தில் நம் நாட்டில் அமலாக்கம் இறுகியபோது, ஊசிக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. போடாமலேயே சான்றிதழ் விற்கப்படுவதாகவும் செய்திகள் வந்தன. ஆகவே பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் அட்டையின் காலக்கெடுவைக் கேளுங்கள். சிற்றுண்டிச்சாலைக் கைகழுவும் தொட்டியில் சவர்க்காரம் இருக்கிறதா என்றும் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.