மடிக்கேற்பச் சுருங்கிய நாய்கள்

போன மாரியில் ஓர் இரவு. எங்கட குழுவில் ஒருத்தியின் வீட்டில் ஒரு ‘லயன் பொம்’ பெட்டை குட்டி போடத் தவித்துக்கொண்டிருந்தது. பெயர் மின்னி. பாரம் ஒன்றரைக் கிலோ இருக்கும். வயது பத்து மாதம். “முதல் முறையிலேயே இணைய விட்டாத்தான் பெட்டைக்கு நல்லம்” என்று யாரோ சொன்னதைக் கேட்டு, எட்டாவது மாதத்திலேயே கடுவனோடு விட்டிருந்தார்கள். பின்னேரம் ஆறு மணிக்கு முக்கத் தொடங்கியது. “முதல் ஈத்து, சுணங்கும்தானே” என்று பத்து மணி மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு மழைக்குள் ஓட்டோ பிடித்து மிருக வைத்தியரிடம் போனோம். வயிற்றுக்குள் ஒரே ஒரு குட்டி. அதின்ர தலை தாயின் இடுப்பெலும்புக்குள்ளால் வரமுடியாத பெரிசு. வெட்டி எடுத்தபோது குட்டி செத்திருந்தது. விடியமுன் மின்னியும் போய்விட்டது.

யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. 2022க்குப் பிறகு அந்த வீட்டில் வருமானம் விழுந்துபோனது. “ரெண்டு குட்டி வித்தா ரியூஷன் காசும் கரண்ட் பில்லும் சரி” என்ற கணக்கில்தான் மின்னி வாங்கப்பட்டது. அடுத்த நாள் காலை, நண்பியின் தம்பி ஒரு கேள்வி கேட்டான்: “தெருவில நிக்கிற நாய் எல்லாம் தன்பாட்டில குட்டி போடுதே. இதுக்கு மட்டும் ஏன் ஏலாமப் போச்சு?”

எங்களிடம் பதில் இருக்கவில்லை. தேடி வாசித்தோம். பதில் மிருக வைத்தியத்தில் பாதி, வரலாற்றில் பாதி கிடந்தது.

முதலில் ஒன்றை நேர்மையாகச் சொல்லவேணும். சின்ன நாய் என்பது நேற்று வந்த விஷயம் இல்லை. பண்டைய கிரேக்கர்கள் ‘மெலிட்டா நாய்’ என்று ஒரு சிறிய நாயை மடியில் வைத்து வளர்த்தார்கள். அரிஸ்டோட்டில்கூட அதைக் குறிப்பிடுகிறார். நாயின் உடல் அளவைப் பெரிய அளவில் தீர்மானிக்கும் ஒரு மரபணு ஐஜிஎஃப்-1 என்று 2007இல் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். சிறிய உடலுக்குரிய அதன் வடிவம், சைபீரியாவில் கிடைத்த 54,000 ஆண்டு பழைய ஓநாய் ஒன்றிலேயே இருந்ததென்று 2022இல் வெளியான ஆய்வு சொன்னது. அதாவது, சின்னதாகும் சாத்தியத்தை மனிதன் உருவாக்கவில்லை. இருந்த சாத்தியத்தை எவ்வளவு தூரம், எவ்வளவு வேகமாக இழுத்தான் என்பதுதான் கதை.

தமிழில் நாய் என்றால் வேட்டையும் காவலும்தான். சங்க இலக்கியத்தில் ‘ஞமலி’ வேடரோடு காட்டில் ஓடும். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று தமிழ்நாட்டில் பேர்பெற்ற இனங்கள் எல்லாம் நெடிய காலும் வலிய உடம்பும் உள்ளவை. வேலை செய்யாத நாயைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கும் வழக்கம் அரண்மனைகளில்தான் செழித்தது. அரண்மனைகளிலும் மிகப் பெரியது பீஜிங்கில் இருந்தது.

1860 ஒக்டோபர். இரண்டாம் அபினிப் போரின் முடிவில் பிரித்தானிய, பிரெஞ்சுப் படைகள் பீஜிங்கின் கோடைகால மாளிகையைக் கொள்ளையடித்தன. பிறகு பிரித்தானியப் படை அதற்குத் தீயிட்டது. அந்தக் கொள்ளையில் கப்டன் ஜோன் ஹார்ட் டன் என்பவருக்கு ஒரு சின்னஞ்சிறு பெக்கினீஸ் நாய் கிடைத்தது. அதை அவர் விக்டோரியா மகாராணிக்குப் பரிசாகக் கொடுத்தார். நாய்க்கு வைத்த பெயர் ‘லூட்டி’. ஹிந்துஸ்தானியில் கொள்ளையைக் குறிக்கும் ‘லூட்’ என்ற சொல்லை ஆங்கிலம் ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தது. அந்தச் சொல்லையே கொள்ளைப் பொருளின் பெயராக வைத்தார்கள். மறைக்கவேணும் என்ற எண்ணம்கூட இல்லை. 1861இல் ஓவியர் கெய்ல் அதை வரைந்தார். 1872இல் லூட்டி இறந்தது. அந்தக் காலம் முழுக்க அதே மகாராணியின் கொடிதான் எங்கட திருகோணமலைத் துறைமுகத்திலும் பறந்தது. 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து எடுத்த துறைமுகத்தில், பிரித்தானியக் கடற்படை 1957 வரைக்கும் இருந்தது.

மின்னியின் நேரடிக் கதை இதற்குப் பிறகுதான் வருகிறது. 1888இல் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகருக்குப் போன விக்டோரியா, மார்கோ என்ற பொமரேனியன் நாயோடு காதலாகித் திரும்பினார். அதுவரை இங்கிலாந்து அறிந்திருந்த பொமரேனியன் நல்ல பெரிய நாய். பதினெட்டாம் நூற்றாண்டில் கெய்ன்ஸ்பரோ வரைந்த ஓவியங்களில் அது ஓநாய் முகத்தோடு நிமிர்ந்து நிற்கும். மார்கோவோ ஐந்தரைக் கிலோவுக்குக் கிட்ட. 1891இல், ‘க்ரஃப்ட்ஸ்’ என்ற பெயரில் லண்டனில் நடந்த முதல் கண்காட்சியில் மகாராணியின் பொமரேனியன்கள் பங்கேற்றன. மகாராணி சின்ன நாய் வளர்த்தால் சீமாட்டிகள் அதைவிடச் சின்னது தேடினார்கள். விக்டோரியாவின் வாழ்நாளுக்குள்ளேயே இந்த இனம் பாதியளவாகச் சுருங்கியது என்று நாயின வரலாறுகள் சொல்கின்றன. 1901 ஜனவரியில் அவர் இறந்தபோது படுக்கையில் பக்கத்திலே கிடந்ததும் டூரி என்ற பொமரேனியன்தான்.

இன்றைக்குப் பிரித்தானியக் கென்னல் கிளப்பின் அளவுகோலில் கடுவன் 1.8 முதல் 2 கிலோ, பெட்டை 2 முதல் 2.5 கிலோ. மார்கோவின் பாதி கூட இல்லை. ஆனால் அந்த எண்களைத் திருப்பி வாசியுங்கள். பெட்டைதான் கூடப் பாரம். குட்டி சுமக்கிறதும் பெறுகிறதும் அதுதானே. மின்னியோ அந்தக் குறைந்தபட்ச இரண்டு கிலோவுக்கும் வரவில்லை.

1873இல் தொடங்கிய கென்னல் கிளப் இன்னொரு வேலையும் செய்தது. இனம் இனமாகப் பதிவேடு திறந்து, வெளியிலிருந்து இரத்தம் கலக்காமல் காத்தது. ‘சுத்த இனம்’ என்ற சொல் நாய்க்கு ஒட்டியது இப்படித்தான். மூடிய வட்டத்துக்குள் திரும்பத் திரும்ப இணை சேர்த்தால் அழகு மட்டும் சேராது, நோயும் சேரும். 2008இல் பிபிசி ஒளிபரப்பிய ஆவணப்படம் ஒன்று இதைப் போட்டு உடைத்தது. அடுத்த ஆண்டு க்ரஃப்ட்ஸ் கண்காட்சியை ஒளிபரப்பாமல் பிபிசி விலகியது.

சுத்தம், கலப்பு, பரம்பரை. இந்தச் சொற்களை நாங்கள் வேறு இடத்திலும் கேட்டிருக்கிறோம், இல்லையா? காலனிய ஆங்கிலத்தில் எங்கட தெருநாய்க்கு வைத்த பெயர் ‘பறையா டோக்’. ஒடுக்கப்பட்ட ஒரு சமூகத்தின் தமிழ்ப் பெயரை எடுத்து, ஆளில்லாத நாய்க்கு ஒட்டினார்கள். சாதியை அவர்கள் கண்டுபிடிக்கவில்லை, அது எங்கட அழுக்கு. ஆனால் அந்த அழுக்கை நாய்க்கும் பூசி அகராதியில் ஏற்றினார்கள். லண்டனில் மகாராணியின் நாய்கள் கண்காட்சிக்குப் போய் இரண்டு வருஷத்தில், 1893இல், இலங்கையில் விசர்நாய்க் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. தெருவில் திரியும் நாயைக் கொல்ல அது வழி செய்தது. விசர் நோய் உண்மையான ஆபத்துத்தான், அதை மறுக்கவில்லை. ஆனாலும் எது மடிக்கு, எது தெருவுக்கு என்று பிரிக்கும் கண்ணை நாங்கள் இன்னும் கழற்றவில்லை. மீன் சந்தைக்குப் பக்கத்தில் நிற்கிற நாய்க்குக் கல்லெறிகிற அதே கை, கொழும்பிலிருந்து இரவு ரயிலில் பெட்டிக்குள் வருகிற குட்டியைக் கொஞ்சுகிறது.

இனித் தம்பியின் கேள்விக்கு மற்றப் பாதி.

சின்ன இனப் பெட்டைகள் ஆறு மாதத்திலேயே பருவத்துக்கு வரக்கூடும். பருவத்துக்கு வந்தது என்றால் உடம்பு தயார் என்று அர்த்தமில்லை. அந்த வயதில் எலும்பு வளர்ந்து முடிந்திராது, இடுப்பும் அப்படித்தான். அதோடு மிகச் சின்ன நாய்களின் வயிற்றில் ஒன்றோ இரண்டோ குட்டிதான் பெரும்பாலும் தங்கும். தனியாகக் கிடக்கும் குட்டி பெரிதாக வளரும். உருண்டைத் தலை வேறு. தாய் எவ்வளவு சிறுத்தாலும் குட்டியின் தலை அதே விகிதத்தில் சிறுக்காது. ஒற்றைக் குட்டி என்றால் பேற்றைத் தொடங்கிவைக்கும் சைகையும் பலவீனமாக இருக்கலாம், கர்ப்பப்பை சோர்ந்தும் போகலாம். மின்னிக்கு வயதும் குறைவு, அளவும் குறைவு. இரண்டும் சேர்ந்துதான் அடைத்தது.

பெற்றுத் தப்பினாலும் முடிந்துவிடாது. பால் கொடுக்கும் முதல் சில கிழமைகளில் சின்ன நாய்களுக்கு இரத்தத்தில் கல்சியம் சடுதியாக விழும். மூச்சு வாங்கும், நிலைகொள்ளாமல் அலையும், கால் விறைக்கும், பிறகு வலிப்பு வரும். உடனே ஊசி போடாவிட்டால் தாய் செத்துப்போகும்.

குட்டிகளின் கதை வேறு. உள்ளங்கை அளவு உடம்பில் சீனியைச் சேமிக்க ஈரலிலும் தசையிலும் இடமில்லை. சில மணித்தியாலம் சாப்பிடாவிட்டாலே சோர்ந்து, நடுங்கி, மயங்கும். உச்சிக்குழி மூடாமல் இருப்பது, மண்டைக்குள் நீர் கோப்பது, முழங்கால் சிரட்டை விலகுவது, மூச்சுக்குழாய் தட்டையாகி இருமுவது, பால்பல் விழாமல் இரட்டைப் பல் நிற்பது எல்லாம் இந்தக் குள்ள உடம்புகளில் அடிக்கடி காணப்படுபவை.

‘டீகப்’ என்று ஒரு இனம் உலகத்தின் பெரிய கென்னல் கிளப்புகள் எதிலும் கிடையாது. அது விற்பனைச் சொல். அந்த அளவைக் கொண்டுவரச் சில வழிகள் உண்டு. ஈத்தில் நோஞ்சானாகப் பிறந்ததையும் இன்னொரு நோஞ்சானையும் இணைப்பது ஒன்று. சாப்பாட்டைக் குறைப்பது இன்னொன்று. ஐந்து கிழமைக் குட்டியை எட்டுக் கிழமை என்று சொல்லி விற்பது மிக எளிதான வழி. “வளரவே மாட்டுது” என்று வாங்கியது மூன்றாம் நாள் செத்தால், வாங்கினவர் தன் வளர்ப்பில்தான் பிழை என்று நினைப்பார்.

சட்டம் என்ன சொல்கிறது? இந்தியாவில் 2017இல் வந்த நாய் இனப்பெருக்க விதிகள், 18 மாதம் ஆகாத பெட்டையை இணைக்கக் கூடாது, எட்டுக் கிழமைக்கு முன் குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. பிரித்தானியக் கென்னல் கிளப், ஒரு வயதாகமுன் இணைத்த பெட்டையின் குட்டிகளைப் பதிவதில்லை. எங்களிடம் இருப்பது 1907ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டம். அதில் கொடுமைக்கான உச்ச அபராதம் 100 ரூபா. 1907இல் அது பெரிய காசு. இன்றைக்கு ஒரு பிளேன்டீயும் வடையும் குடித்துத் தின்னக் காணுமோ தெரியாது. 2006இல் சட்ட ஆணைக்குழு புதிய விலங்கு நலச் சட்ட வரைவு ஒன்றைக் கொடுத்தது. பத்து வருஷம் கழித்தும் அது சட்டமாகவில்லை.

இதை வாசித்துவிட்டு ஒருவர் கேட்கலாம்: “மகாராணி வளர்த்தா பாசம், நாங்கள் நாலு காசுக்கு வித்தா பாவமா?” நியாயமான கேள்வி. எங்களுக்கும் அது குத்தியது. பிழை, வறுமையில் விற்பவரிடம் தொடங்கவில்லை. இன்னும் சின்னது, இன்னும் சின்னது என்று கேட்கிற கையிலிருந்துதான் தொடங்குகிறது. ஃபோனில் ‘சோ கியூட்’ என்று இதயம் போடுகிற எங்கட விரலும் அதில் உண்டு. கேட்பவர் நின்றால் விற்பவருக்கு எட்டு மாதத்துப் பெட்டையை இணைக்கவேண்டிய அவசரமும் இராது.

உங்கள் வீட்டில் சின்னப் பெட்டை இருந்தால் இவற்றை மனதில் வையுங்கள். இரண்டு கிலோவுக்குக் கீழே என்றால் இணைக்கவே வேண்டாம், கருத்தடை செய்வது நல்லம். மற்றவை என்றாலும் ஒன்றரை வயதுக்கு முன் வேண்டாம். ஏற்கெனவே சினைப்பட்டுவிட்டதா? நாய்க்குச் சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள். 55ஆம் நாளுக்குப் பிறகு ஒரு எக்ஸ்ரே எடுத்தால் எத்தனை குட்டி, எவ்வளவு தலை என்று தெரியும். விடாமல் முக்கி அரை மணித்தியாலமாகியும் குட்டி வராவிட்டால், அல்லது முதல் குட்டிக்கு முன்னமே கரும்பச்சை நிறத்தில் நீர் வந்தால், காத்திருக்காதீர்கள். நாங்கள் நான்கு மணித்தியாலம் காத்திருந்தோம்.

உவர்மலையில் தெரிந்த ஒரு வீட்டில் இன்னொரு லயன் பொம் பெட்டை நிற்கிறது. வயது எட்டு மாதம். கடுவனுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்களாம். போன ஞாயிறு நண்பியும் தம்பியும் அங்கே போனார்கள். அம்மா தேத்தண்ணி கொடுத்தா, எல்லாவற்றையும் கேட்டா, “யோசிப்பம் பிள்ளை” என்று சொல்லி அனுப்பினா. வரும் ஞாயிறு திரும்பவும் போகிறோம்.