மறதியின் பின்னால் நாற்பது வருஷம் அலைஞ்ச டாக்டர்

ரெண்டு வாரமா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. அதான் இந்தப் பக்கம் தலை காட்ட முடியல. நடுவுல ஒரு விஷயத்தைப் படிக்கப் போய், அது மண்டைக்குள்ளயே உட்கார்ந்துக்கிச்சு. எழுதி இறக்கி வச்சாத்தான் தூக்கம் வரும் போல. இன்னைக்கு மொக்கை கிடையாது மக்களே, கொஞ்சம் சீரியஸ் பதிவு. பொறுத்துக்கோங்க.

மார்க்கேஸோட 'தனிமையின் நூறு ஆண்டுகள்' படிச்சவங்களுக்கு அந்த மறதி நோய் வர்ற இடம் ஞாபகம் இருக்கும். ஊருக்கே தூக்கம் போயி, அப்புறம் ஞாபகமும் போயி, ஒவ்வொரு பொருள் மேலயும் பேர் எழுதி வைப்பாங்க. நானும் 'மனுஷன் என்னமா கற்பனை பண்றார்யா'ன்னு நினைச்சுட்டு அடுத்த பக்கம் போனவன்தான். ஆனா அதே கொலம்பியாவுல, அந்தியோக்கியா மாநிலத்து மலை ஊர்கள்ல, தலைமுறை தலைமுறையா நிஜமாவே ஞாபகத்தைத் தொலைச்ச குடும்பங்கள் இருக்கு. அந்தக் குடும்பங்களைத் தேடித் தேடிப் போன நரம்பியல் டாக்டர்தான் பிரான்சிஸ்கோ லொபேரா.

1951ல பிறந்தவர். வளர்ந்தது யாருமால்ங்கிற மலை ஊர்ல. அந்தியோக்கியா பல்கலைக்கழகத்துல மருத்துவம் படிச்சுட்டு, 1980கள்ல நரம்பியல் பயிற்சியில இருந்தப்ப ஒரு நோயாளி வர்றார். வயசு 47தான். ஆனா எழுபது, எண்பது வயசுல வரவேண்டிய மறதி முத்திப்போய் இருக்கு. நம்மாளு மருந்து எழுதிக் குடுத்து அனுப்பிடல. "உங்க வீட்டுல வேற யாருக்காவது இப்படி இருந்துச்சா?"ன்னு கேட்டிருக்கார். அப்பா, தாத்தா, கூடப்பிறந்தவங்கன்னு பட்டியல் நீண்டுக்கிட்டே போகுது.

ஊர்ல இதுக்கு 'லா போபெரா'ன்னு பேரு. பைத்தியக்காரத்தனம், அசட்டுத்தனம்னு வச்சுக்கலாம். ஏதோ மரத்தைத் தொட்டதால வந்துச்சு, யாரோ விட்ட சாபம்னு ஆளுக்கொரு காரணம். நாப்பது வயசுக்கு மேல ஒரு அம்மா பிள்ளை பேரை மறந்தா, சரி இவங்களுக்கும் வந்துடுச்சுன்னு வீட்டோட வச்சுப் பார்த்துக்கிறது. அந்தப் பிள்ளைக்கு நாப்பது வயசு ஆகும்போது அதே கதை.

லொபேராவும் அவர் கூட இருந்த நர்ஸ்களும் வீடு வீடாப் போனாங்க. சர்ச்சுல இருக்கிற ஞானஸ்நானம், கல்யாணம், சாவுப் பதிவேடுகளைப் புரட்டி வம்சாவளி வரைஞ்சாங்க. அது எந்தக் காலம்னு யோசிங்க. மெடலின் நகரத்துல போதைக் கும்பல், மலையில கெரில்லாக்கள். ரத்த மாதிரி எடுக்கப் போன நர்ஸை கெரில்லாக்கள் பிடிச்சு வச்ச சம்பவமெல்லாம் நடந்திருக்கு. அதுக்கு நடுவுலயும், செத்துப்போனவங்க வீட்டுக்குப் போயி, மூளையை ஆராய்ச்சிக்குத் தர முடியுமான்னு கேட்டு நின்னிருக்காங்க. சாவு வீட்டுல போய் இப்படிக் கேட்க எவ்வளவு நெஞ்சுரம் வேணும்! சரின்னு சொல்றதுக்கு அதைவிடப் பெரிய மனசு வேணும். அப்படிச் சேர்ந்த மூளைகள் நூற்றுக்கணக்குல இருக்கு.

1990கள்ல ஹார்வர்டுல இருந்த கென்னத் கோசிக்கோட கூட்டு சேர்ந்தார். 1995ல விடை கிடைச்சது: 14வது குரோமோசோம்ல பிரெசெனிலின்-1ங்கிற மரபணு. அது உருவாக்குற புரதத்துல 280வது இடத்துல குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதிலா அலனின். நம்ம பொட்டி தட்டுற பாஷையில சொன்னா, முந்நூறு கோடி எழுத்துள்ள கோடுல ஒரே ஒரு எழுத்து மாறிடுச்சு. பல நூறு வருஷம் முன்னாடி யாரோ ஒருத்தர்கிட்ட ஆரம்பிச்ச பக், யாரும் ஃபிக்ஸ் பண்ணாம ஓடிக்கிட்டே இருக்கு. சுமார் 6000 பேர் கொண்ட இந்த வம்சத்துல ஏறக்குறைய 1200 பேர்கிட்ட அது இருக்குன்னு கணக்கு. ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இருந்தா 44 வயசு வாக்குல மறதி தொடங்கும், 49 வாக்குல முழு டிமென்ஷியா.

2013ல கிரெனெசுமாப்ங்கிற மருந்தை, நோய் வர்றதுக்கு முன்னாடியே குடுத்துப் பார்க்கிற சோதனை ஆரம்பிச்சாங்க. 252 பேர். இதுல ஒரு விஷயம் என்னை ரொம்ப யோசிக்க வச்சது. மரபணு மாற்றம் உள்ள 169 பேரோட, இல்லாத 83 பேரையும் சேர்த்துக்கிட்டாங்க. இல்லாதவங்களுக்கு வெறும் ஊசிதான். ஏன்? உள்ளவங்களை மட்டும் சேர்த்தா, சேர்ந்த அன்னைக்கே 'நமக்கு இருக்கு'ன்னு தெரிஞ்சுடும். தெரியாமலே இருக்கட்டும்னு அந்த 83 பேரும் வருஷக்கணக்கா வந்து ஊசி போட்டுக்கிட்டாங்க. சொந்தக்காரங்களுக்காக!

2022 ஜூன்ல முடிவு வந்துச்சு. மருந்து எதிர்பார்த்த பலனைத் தரல. வாழ்நாள் முழுக்க நம்பிக்கை குடுத்த குடும்பங்ககிட்டயே லொபேரா போயி அதைச் சொல்ல வேண்டி வந்துச்சு.

கதை அத்தோட முடியல. அந்த மாற்றம் இருந்தும் எழுபது வயசு வரைக்கும் தெளிவா இருந்த ஒரு அம்மாவைப் பத்தி 2019லயே இந்தக் குழு எழுதியிருந்தது. 'கிரைஸ்ட்சர்ச்'னு சொல்ற இன்னொரு அபூர்வ மரபணு மாற்றம் அவங்களைக் காப்பாத்தியிருக்கு. மூளை நிறைய அமிலாய்டு படிவு, ஆனா டௌ புரதம் கொஞ்சம்தான். 2023ல அதே மாதிரி இன்னொருத்தர், அவருக்கு ரீலின் மரபணுவுல மாற்றம். இயற்கையே எழுதி வச்ச பேட்ச்! அதைக் காப்பியடிச்சு மருந்து செய்ய முடியுமான்னு இப்ப பலர் முயற்சி பண்றாங்க.

2024ல லொபேராவுக்கு பொடாம்கின் பரிசு கிடைச்சது. அதே வருஷம் செப்டம்பர் 10ம் தேதி, 73 வயசுல, புற்றுநோயால இறந்துட்டார். மருந்தைப் பார்க்காமலே போயிட்டார்.

அப்ப அவர் தோத்துட்டாரா? எனக்கு எங்க அப்பத்தா ஞாபகம் வருது. நான் லீவுக்கு ஊருக்குப் போனா, "நீ யாரு வீட்டுப் புள்ள தம்பி?"ன்னு கேக்கும். வயசானா அப்படித்தான்னு சிலர், செய்வினைன்னு சிலர். தாயத்துகூட கட்டினோம். எப்ப ஆரம்பிச்சுது, முதல்ல எதை மறந்துச்சுன்னு ஒருத்தர்கூடக் கவனிச்சு வைக்கல. நான் உட்பட. அந்தக் குடும்பங்களுக்கு லொபேரா செஞ்சது அதைத்தான். வீட்டுக்குள்ள வந்து உட்கார்ந்து, கேட்டு, எழுதி வச்சார். சாபம்னு இருந்ததை நோய்னு மாத்தினார். இன்னைக்கு உலகத்துக்கு அல்ஸைமர் பத்தித் தெரிஞ்சதுல ஒரு பெரும்பங்கு அந்த மலைக்காரங்க தந்தது. அவங்களுக்கு உலகம் இன்னும் திருப்பித் தரல. அந்தக் கடன் பாக்கி இருக்கு.

கடைசியா ஒண்ணு. அந்த மாற்றம் உள்ளவங்க மூளையில அமிலாய்டு சேர ஆரம்பிக்கிறது சராசரியா 28 வயசுலன்னு 2012ல ஸ்கேன் பண்ணிக் கண்டுபிடிச்சாங்க. எனக்கு இப்ப 28. யாருமால்ல என் வயசுக்காரன் ஒருத்தன் இதே மாதிரி வேலைக்குப் போயிக்கிட்டு, பொண்ணு பார்த்துக்கிட்டு இருப்பான். டெஸ்ட் பண்ணித் தெரிஞ்சுக்கலாம்னா நீங்க தெரிஞ்சுக்குவீங்களா? நான் ராத்திரி முழுக்க யோசிச்சும் பதில் வரல. பின்னூட்டத்துல சொல்லுங்க.

டிஸ்கி: வீட்டுல பெரியவங்க ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டா எரிஞ்சு விழாதீங்க. தேதி போட்டு ஒரு நோட்டுல குறிச்சு வச்சு, டாக்டர்கிட்ட காட்டுங்க. நான் செய்யாம விட்டது அது.