பெட் ஸ்கேனில் இதய ஒளிர்வு

புற்றுநோய்க்காக எடுக்கும் பெட்-சிடி படத்தில் இதயத் தசை ஒருவருக்குப் பளிச்சென்று தெரியும். இன்னொருவருக்கு இருக்கும் இடமே தெரியாது. பெரும்பாலும் இரண்டுமே இயல்புதான். இதற்காக ஊசியில் ஏற்றும் எஃப்டிஜி, கதிரியக்க ஃபுளோரின்-18 சேர்த்த குளுக்கோஸ். உயிரணு அதைச் சர்க்கரை என்று உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆனால் எரிக்க வழியில்லாமல் தேக்கிவைக்கும். சர்க்கரை எங்கே மிகுதியாகச் செலவாகிறதோ அங்கே படம் ஒளிரும். புற்றுக்கட்டி குளுக்கோஸை அளவுமீறி உண்பதை ஜெர்மானிய உயிர்வேதியியலர் ஓட்டோ வார்பர்க் 1920களில் காட்டினார். இதயமும் அதே சர்க்கரையை உண்ணும் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

கதிரியக்கம் இல்லாத எஃப்டிஜி 1968இல் பிராக் நகரில் உருவானது. அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகம் அதில் ஃபுளோரின்-18ஐப் பிணைத்தது. 1976 ஆகஸ்டில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அபாஸ் அலாவி அதை முதன்முதலாக மனிதருக்குச் செலுத்தினார். அப்போது இலக்கு மூளை. அடுத்து வந்தது இதயம்: இரத்த ஓட்டம் குறைந்தும் சர்க்கரையை ஏற்கும் தசை இன்னும் உயிருடன் இருக்கிறது என்பதை 1980களில் கலிபோர்னியாக் குழுவினர் நிறுவினர். அந்தச் சோதனைக்கு நோயாளிக்கு வேண்டுமென்றே குளுக்கோஸ் கொடுத்து இதயத்தை ஒளிரவைப்பார்கள். புற்றுநோய்க்கு இந்த ஸ்கேன் பரவலானது பிறகுதான். இதய மருத்துவர் தேடிய ஒளி புற்றுநோய் மருத்துவருக்கு இடைஞ்சலானது. நுரையீரலின் இடப்பக்கக் கட்டியும் மார்பு நடுவிலுள்ள நெறிக்கட்டியும் அந்த வெளிச்சத்துக்குப் பக்கத்தில் மங்கிப்போகும்.

இதயம் எதை உண்ணும் என்பதற்கான விடையை 1963இலேயே பிரிட்டிஷ் உயிர்வேதியியலர் பிலிப் ராண்டில் கொடுத்துவிட்டார். வெறும் வயிற்றில் அது கொழுப்பு அமிலங்களை எரிக்கும். உணவுக்குப் பின் இன்சுலின் சுரந்ததும் சர்க்கரைக்கு மாறிவிடும். எடுத்துக்காட்டாக, தருமபுரி மாவட்டம் சித்தேரி மலையில் இருப்பவர் ஸ்கேனுக்கு அரூருக்கு இறங்கி, அங்கிருந்து பெரிய நகரத்துக்குப் பயணப்பட வேண்டும். முந்தின இரவு சாப்பிட்ட கேழ்வரகுக் களியால் வழக்கமான ஸ்கேனுக்குப் பெரிய கெடுதல் இல்லை. பஸ் நின்ற இடத்தில் குடித்த சர்க்கரை போட்ட டீயும் ஒரு பன்னும்தான் படத்தைக் கெடுக்கும். கை கால் தசைகளும் இதயமும் மருந்தை வாங்கிக்கொள்ள, கட்டிக்குப் போய்ச் சேர்வது குறையும். குறைந்தது நான்கு முதல் ஆறு மணி நேரம் பச்சைத் தண்ணீரோடு நிறுத்தச் சொல்வது இதனால்தான். ஊசிக்குச் சற்றுமுன் இன்சுலின் போட்டுக்கொண்ட சர்க்கரை நோயாளிக்கும் இதே கதிதான். “வெறும் வயிற்றோடு வாங்க” என்று மட்டும் சொல்லி அனுப்பினால் டீயை யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. டீயையும் பெயர் சொல்லித் தடுப்பதே நல்லது.

பட்டினி இருந்தும் இதயம் சீராக அணைவதில்லை. இடது கீழறையின் பக்கச்சுவர் மட்டும் மினுங்குவது, அடிப்பகுதியில் வளையம்போல் தெரிவது, காம்புபோன்ற தசைகள் புள்ளியாக ஒளிர்வது எல்லாம் நோயில்லாதவரிடமும் உண்டு. வலது கீழறைச் சுவர் தூக்கலாகத் தெரிந்தால் நுரையீரல் இரத்த அழுத்தத்தையும், மேலறை ஒளிர்ந்தால் தாறுமாறான துடிப்பையும் நினைக்க வேண்டும். மேலறைகளின் இடைச்சுவரில் சேர்ந்த கொழுப்பும் சிலருக்கு ஒளிர்ந்து கட்டிபோல் ஏமாற்றும்; சிடி படத்தில் அதன் கருமை பார்த்தால் குட்டு வெளிப்படும். இதயத்திலேயே தோன்றும் புற்று அரிது. நுரையீரல், மார்பகம், நிணநீர்ப் புற்று, மெலனோமா ஆகியவை அங்கே பரவுவதே அதிகம். நிணநீர்ப் புற்று சிகிச்சைக்கு எவ்வளவு இணங்குகிறது என்று தரம்பிரிக்க 2009இல் உருவான டோவில் அளவீடு, மார்பு நடுவிலுள்ள இரத்தத்தையும் கல்லீரலையும் ஒப்பீடாக வைத்தது. வேளைக்கொரு நிறம் காட்டும் இதயத் தசைக்கு அதில் இடமில்லை.

இந்தியாவில் 2002இல் மும்பை பரேலில் உள்ள கதிர் மருத்துவ மையத்தில் ஃபுளோரின்-18 தயாரிக்கும் மருத்துவ சைக்ளோட்ரான் வந்தபின் இந்த ஸ்கேன் காலூன்றியது. ஃபுளோரின்-18 சுமார் 110 நிமிடத்தில் பாதியாகிவிடும். மருந்து சாலையில் தாமதித்தால் அதன் வீரியமும் குறைந்துகொண்டே போகும்.

இதய ஒளிர்வைப் படிப்பதில் நம் நாட்டுக்கென்றே ஒரு பொறி உண்டு. இதயத் தசையில் திட்டுத்திட்டான ஒளி, மார்பில் நெறிக்கட்டி என்றால் மேலைநாட்டு மருத்துவர் முதலில் சார்காய்டோசிஸ் என்ற அழற்சி நோய் என்பார். 2011இல் ஹைதராபாத் இதய மருத்துவர் காலம்பூர் நரசிம்மன் குழுவினர், ஆபத்தான படபடப்போடு வந்தவர்களிடம் இதே கோலத்தைக் கண்டு திசு எடுத்துப் பார்த்தனர். சிலருக்கு இருந்தது காசநோய். சார்காய்டோசிஸுக்கு ஸ்டீராய்டு, காசத்துக்கு வேறு மாத்திரை, மாறிப்போனால் விபரீதம். ஆகவே இத்தகைய படத்துக்கு முதல் நாளே சோறு, களி, கிழங்கு நிறுத்தி, முட்டையும் கறியும் எண்ணெயும் மட்டும் கொடுத்து, பிறகு நீண்ட பட்டினி வைத்து இதயத்தை இயன்றவரை அணைத்துவிடுவார்கள். அப்படியும் ஒளிரும் திட்டு பொருட்படுத்தத் தக்கது.

சிகிச்சையும் தடம் விடும். இடது மார்பகத்துக்கோ உணவுக்குழாய்க்கோ கதிர் கொடுத்தபின் கதிர் பட்ட பகுதி மட்டும் ஒளிரக்கூடும். டாக்ஸோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்துக்குப் பிறகும் ஏற்பு கூடலாம். இம்யூனோதெரபி பெறுபவரிடம் புதிதாகத் தோன்றும் இதய ஒளியை மட்டும் உணவின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. அது இதயத்தசை அழற்சியாக இருக்கலாம். அன்றைக்கே ஈசிஜியும் ட்ரோபோனின் இரத்தப் பரிசோதனையும் வேண்டும்.