வேங்கட நாட்டு மண்சுவர் வீடுகள்: கட்டுமான மரபும் ஆவண வகைப்பாடும்

முன்னுரை

தொல்காப்பியச் சிறப்புப்பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்தின் வட எல்லையாக வேங்கடத்தைக் குறிக்கிறது. அவ்வெல்லையை ஒட்டிய சித்தூர், திருப்பதி வட்டாரத்தின் வரலாறு பெரும்பாலும் கல்லைச் சான்றாகக் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. திருமலை, திருப்பதிக் கோயில்களின் கல்வெட்டுகள் 1930களில் தேவஸ்தானத்தால் தொகுதிகளாக வெளியிடப்பெற்றன. அவற்றுள் பெரும்பான்மையானவை தமிழில் அமைந்தவை. சந்திரகிரிக் கோட்டையின் இராஜ மகால் கல், செங்கல், சுண்ணக்காரை ஆகியவற்றால் எழுப்பப்பெற்று இன்றும் நிலைத்திருக்கிறது. உழுகுடிகளும் ஏரி வெட்டியோரும் வாழ்ந்த மண்வீடுகளோ கைவிடப்பட்டபின் மண்ணோடு மண்ணாகக் கலந்துவிட்டன. அவ்வீடுகளின் கட்டுமான மரபையும், அவை அரசு ஆவணங்களில் வகைப்படுத்தப்பட்ட முறையால் நேர்ந்த விளைவையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சித்தூர் மாவட்டம் 1911இல் உருவாக்கப்பட்டது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி வட்டம் அதிலிருந்து பிரிந்து அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தது. 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் மாறினும் மண்ணும் வீடு கட்டும் வழக்கும் இரு மாநிலங்களுக்கும் பொதுவாகவே இருந்து வந்துள்ளன.

சுவர் எழுப்பும் முறை

இவ்வட்டாரத்தில் செம்மண்ணே மிகுதி. களியும் மணலும் அளவாகக் கலந்த மண் சுவருக்கு ஏற்றது. களி மிகுந்தால் சுவர் காயும்போது வெடிக்கும். மணல் மிகுந்தால் உதிரும். மண்ணைச் சோதித்தறியும் வழக்கம் சிற்ப நூல்களிலும் இடம்பெற்றுள்ளது. குழி தோண்டி, எடுத்த மண்ணையே மீண்டும் அதில் இட்டு, மண் மிஞ்சினால் அந்நிலம் நன்று எனக் கொள்ளும் முறையை மயமதம் கூறுகிறது.

தேர்ந்த மண்ணைக் குழியிலிட்டு நீர் ஊற்றி ஊறவைப்பர். வைக்கோலையோ தட்டையையோ நறுக்கிச் சேர்த்துக் காலால் மிதித்துக் குழைப்பர். குழைந்த மண்ணை உருண்டைகளாக எடுத்து, கருங்கல் அடித்தளத்தின்மீது ஒன்றன்மேல் ஒன்றாக அப்பி, முழ உயரத்திற்கு ஓர் அடுக்கு வைப்பர். அது காய்ந்து இறுகிய பின்னரே அடுத்த அடுக்கு வைக்கப்படும். அச்சுப்பலகையோ சூளையோ இதற்குத் தேவையில்லை. இங்கிலாந்தின் டெவன் பகுதியில் 'காப்' எனப்படும் கட்டுமானமும் இவ்வகையினதே. அங்குப் பல நூற்றாண்டுகள் கடந்த காப் வீடுகளில் மக்கள் இன்றும் குடியிருக்கின்றனர். ஆகவே மண்சுவர் இயல்பாகவே குறுகிய ஆயுள் உடையது என்னும் கருத்துப் பொருந்துவதன்று.

சொல்லும் உழைப்பும்

இருமொழி வழங்கும் இந்நிலத்தில் வீட்டைக் குறிக்கும் சொற்கள் பல நெருங்கிய உறவுடையன. தமிழில் இல், குடிசை, திண்ணை, வாயில் என்பன தெலுங்கில் முறையே இல்லு, குடிசெ, தின்னெ, வாகிலி என வழங்குகின்றன. சுடாத செங்கல்லைத் தமிழ் 'பச்சைக்கல்' என்கிறது. பச்சை என்னும் சொல்லில் இகழ்ச்சி இல்லை. சூளைக்குச் செல்லாதது என்பதே பொருள்.

மண்வேலையில் தேர்ந்தோர் ஒட்டர் எனத் தமிழிலும் வட்டெர எனத் தெலுங்கிலும் அழைக்கப்பெற்றனர். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் குடிகளும் பற்றிய தொகுதிகளில், கிணறு தோண்டுதல், ஏரிக்கரை அமைத்தல், சாலையிடுதல் ஆகியன இவர்தம் தொழில்களாகக் கூறப்பட்டுள்ளன. கல் ஒட்டர், மண் ஒட்டர் என்னும் பிரிவும் அங்குக் குறிக்கப்பட்டுள்ளது. ஏரிக்கரைக்கும் வீட்டுச் சுவருக்கும் வேண்டிய மண்ணறிவு பெரிதும் ஒத்தது. எனினும் இவ்வறிவு ஏட்டில் எழுதப்படாமல், உடன் உழைப்போரின் கைவழியாகவே கடத்தப்பட்டது. ஒரு தலைமுறை அவ்வேலையை விடுமாயின் அடுத்த தலைமுறைக்கு அது கிட்டுவதில்லை.

ஆவணங்களில் மண்வீடு

இந்திய நிர்வாகம் வீடுகளைக் 'கச்சா', 'பக்கா' என இருவகைப்படுத்தியது. இந்துஸ்தானி வழக்கில் கச்சா என்பது காயாதது, வேகாதது. பக்கா என்பது கனிந்தது, வெந்தது. பொருளின் பக்குவத்தைச் சுட்டிய சொற்கள் காலப்போக்கில் குடியிருப்போரின் தகுதியைச் சுட்டும் சொற்களாயின. 2011ஆம் ஆண்டின் சமூகப் பொருளாதார, சாதிக் கணக்கெடுப்பில், கச்சா சுவரும் கச்சா கூரையும் கொண்ட ஓரறை வீட்டில் வாழ்வது ஊரக வறுமையின் குறியீடுகளுள் ஒன்றாகக் கொள்ளப்பட்டது. 2016இல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி ஊரக வீட்டுவசதித் திட்டம் இக்கணக்கெடுப்பையே பயனாளர் தேர்வுக்கு அடிப்படையாகக் கொண்டது.

இங்கு ஒரு முரண் காணப்படுகிறது. அத்திட்டத்தின் வழிகாட்டுநெறி, உரிய பராமரிப்புடன் குறைந்தது 30 ஆண்டுகள் இயற்கையின் தாக்குதலைத் தாங்கவல்ல வீட்டையே பக்கா வீடு என வரையறுக்கிறது. இவ்வரையறை பயனைப் பொறுத்தது; பொருளைப் பொறுத்ததன்று. கணக்கெடுப்போ சுவர் எப்பொருளால் ஆனது என்பதையே நோக்கியது. இந்தியத் தர நிறுவனம் 1993இல் வெளியிட்ட 13827 எண்ணுள்ள தரக்குறிப்பு, மண் கட்டடங்கள் நிலநடுக்கத்தைத் தாங்குவதற்கான விதிகளைத் தருகிறது. சுவரின் உயரம் அதன் கனத்தைப்போல் 8 மடங்கிற்கு மிகலாகாது என்பது அவற்றுள் ஒன்று. அவ்விதிப்படி ஒன்றரை அடி கனமுள்ள சுவரை 12 அடி வரை எழுப்பலாம். ஒரு தளக் குடியிருப்புக்கு அது போதுமானது. அரசின் ஒரு துறை விதி வகுத்து ஏற்ற கட்டுமானத்தை மற்றொரு துறை இல்லாமையின் அடையாளமாக எண்ணியுள்ளது. இதனால் நல்ல மண்வீட்டைச் செப்பனிடுவதைக் காட்டிலும், அதை இடித்து உதவி பெறுவதே ஏழைக் குடும்பத்திற்கு ஆதாயமாகத் தோன்றும் நிலை உருவாயிற்று.

நீரும் பராமரிப்பும்

மண்சுவரின் உண்மையான பகை நீர். தென்மேற்கு, வடகிழக்குப் பருவமழைகள் இரண்டும் இவ்வட்டாரத்திற்கு உண்டு. அடித்தளம் தரைமட்டத்திலேயே நின்றாலும், கூரைத் தாழ்வாரம் குறுகினாலும், சுவரின் அடிப்பகுதி கரைந்து வீடு சாயும். வெள்ளம் புகும் தாழ்நிலங்களுக்கு மண்சுவர் ஏற்றதன்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஏனைய இடங்களில் உயர்ந்த கல் அடித்தளம், அகன்ற தாழ்வாரம், ஆண்டுதோறும் பூச்சு ஆகிய மூன்றும் சுவரைக் காக்கும். மாலி நாட்டு ஜென்னே நகரில் 1907இல் கட்டப்பெற்ற பெரிய மண் பள்ளிவாசல், ஊரார் கூடி ஆண்டுதோறும் மண் பூசிவருவதனாலேயே நிலைத்திருக்கிறது.

2021 நவம்பர்ப் பெருமழையில் திருப்பதியை அடுத்த இராயலசெருவு ஏரியின் மண்கரையில் நீர்க்கசிவு ஏற்பட்டு, அண்டைச் சிற்றூர்களின் மக்கள் வெளியேற்றப்பட்டனர். கரை பின்னர்ச் செப்பனிடப்பட்டது. மண்கரை என்னும் முறையே தவறு என எவரும் தீர்ப்புரைக்கவில்லை. ஆனால் மழையில் ஒரு மண்சுவர் விழுந்தால் குற்றம் மண்ணின்மீதே சுமத்தப்படுகிறது. பராமரிப்புப் பொதுக்கடமையாக ஏற்கப்பட்ட இடத்தில் மண் நிலைத்திருக்கிறது. தனி ஏழையின் சுமையாக விடப்பட்ட இடத்தில் அது வீழ்கிறது.

மறுமலர்ச்சியும் அதன் எல்லையும்

லாரி பேக்கர் (1917–2007) கேரளத்தில் குறைந்த செலவுக் கட்டடக்கலையை வளர்த்ததோடு, மண் கட்டுமானம் பற்றி எளிய கையேடு ஒன்றையும் எழுதினார். 1989இல் தொடங்கப்பெற்ற ஆரோவில் மண் கட்டுமான நிறுவனம், சிறிதளவு சிமெண்ட் சேர்த்து அழுத்திய மண்கற்களைப் பரப்பிவருகிறது. உலகின் கரியமில வாயு வெளியீட்டில் ஏறத்தாழ 7 முதல் 8 விழுக்காடு சிமெண்ட் உற்பத்தியால் நிகழ்வதால் இம்முயற்சிகள் இன்று புதிய கவனம் பெறுகின்றன. எனினும் அழுத்திய கல்லுக்குப் பொறியும் சிமெண்டும் வேண்டும். உருண்டை மண்சுவருக்கோ தேர்ந்த கைகளே வேண்டும். வசதி படைத்தோர் விரும்பிக் கட்டும் மண்வீடு பாராட்டப்படுகையில், உழவர் குடியின் மண்வீடு கச்சா எனவே எண்ணப்படுமாயின் அம்மறுமலர்ச்சி முழுமை பெறாது.

முடிவுரை

வேங்கட நாட்டு மண்வீட்டின் தேய்வுக்கு மண்ணின் குறை முதன்மைக் காரணமன்று. பொருளை வைத்து வீட்டை மதிப்பிட்ட வகைப்பாடும், கைத்திறன் தொடர்ச்சி அறுந்தமையும், பராமரிப்பின் சுமை தனியொருவர்மேல் விழுந்தமையுமே அதற்குக் காரணங்கள் எனலாம். சுவர் எதனால் ஆனது என்பதற்கு மாறாக, அது எவ்வாறு நிற்கிறது என்பதை அளவுகோலாகக் கொண்டால், இருக்கும் வீடுகளைச் செப்பனிடுவதும் அரசு உதவிக்கு உரியதாகும். கல்வெட்டுகளைத் தொகுத்த அக்கறையோடு, மண்வேலை தெரிந்த முதியோரின் சொற்களையும் செய்முறைகளையும் இரு மாநிலங்களிலும் தொகுப்பது தமிழாய்வின் உடனடிக் கடமையாகும்.