சுகருக்கு எடுத்த ரத்தம்

பாட்டி கடைசி மூணு வருஷம் என்னைத் தன் தம்பின்னே நினைச்சுட்டிருந்தாங்க. "வயசாச்சுல்ல" அப்படின்னதோட சரி, என்ன நோய்னு யாரும் சொல்லலை.

சொல்றதும் கஷ்டம்தான். 1906-ல் டாக்டர் அல்சைமர், தன் நோயாளி ஆகுஸ்டே டேட்டர் இறந்த பிறகுதான் அவர் மூளையை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். அப்புறமும் ரொம்ப காலத்துக்கு உயிரோட இருக்கறவரை அனுமானம், செத்தாத்தான் உறுதி.

ரத்தத்துல தெரியாதான்னு தேடினாங்க. 2007-ல் ஸ்டான்ஃபோர்ட் குழு ஒண்ணு 120 புரதங்களை அளந்து, அதுல 18-ஐ வச்சே கிட்டத்தட்ட 90% சரியா சொல்லலாம்னு 'நேச்சர் மெடிசின்' இதழில் எழுதினாங்க. ஒரே பரபரப்பு. மத்தவங்க வேற ஆட்களோட ரத்தத்துல செஞ்சு பார்த்தா... ஊஹூம். (நம்ம ஆபீஸ் பாஷையில, "என் மெஷின்ல ஓடுதே!") 120 எண்ணைக் கொட்டித் துழாவினா ஏதாவது சில ஒத்துப்போகத்தானே செய்யும்?

ஜெயிச்சது வேற வழி. நோயில் மூளைக்குள்ள படியற அமிலாய்டு, டாவ் புரதங்களையே ரத்தத்துல தேடினாங்க. இருக்கறதோ பிகோகிராம் கணக்கு. ஒரு கிராம்ல லட்சம் கோடியில் ஒரு பங்கு! அளக்கிற கருவி வரவே வருஷக்கணக்காச்சு. 2025 மே மாசம்தான் அமெரிக்க எஃப்டிஏ அல்சைமருக்கான முதல் ரத்தப் பரிசோதனையை அனுமதிச்சது. அதுவும் 55 வயசு ஆகி, அறிகுறி இருக்கறவங்களுக்கு மட்டும். இதை மட்டும் வச்சு முடிவு சொல்லக்கூடாது.

பாட்டிகிட்டயும் மாசா மாசம் ரத்தம் எடுத்தாங்க. சுகர் பார்க்க.